கோதுமையில் வேதிச் சடுதிமாற்றம்: விதை ஊறவைப்பதிலிருந்து நிலைபெற்ற வரிசை வரை

கோதுமை விதைகளில் சடுதிமாற்றத்தைத் தூண்டுவது ஓர் இரவு வேலை. தூண்டிய மாற்றத்தைச் செடியில் காணக்கூடிய பண்பாக வெளிக்கொணர்வதற்கோ பல தலைமுறைகள் வேண்டும். ரொட்டிக் கோதுமை ஓர் ஆறுமடியப் பயிர், அதாவது ஆறு குரோமோசோம் தொகுதிகளை உடையது. அதன் 42 குரோமோசோம்களும் ஏ, பி, டி என்னும் மூன்று மூதாதை மரபகங்களிலிருந்து வந்து சேர்ந்தவை. ஆகையால் பெரும்பாலான மரபணுக்களுக்கு ஏறத்தாழ ஒரே வேலையைச் செய்யும் மூன்று இணைப்படிகள் உள்ளன. அவற்றுள் ஒன்று கெட்டுப்போனாலும் மற்ற இரண்டும் அந்த வேலையை ஏற்றுக்கொள்வதால், செடியின் வெளித்தோற்றத்தில் எதுவும் தெரிவதில்லை. 1928-இல் வாற்கோதுமையில் எக்ஸ் கதிர்களால் சடுதிமாற்றம் உண்டாவதைக் காட்டிய லூயிஸ் ஸ்டாட்லர், அடுத்துப் பன்மடியக் கோதுமையை ஆராய்ந்தபோது மாற்றங்கள் மிக அரிதாகவே கண்ணில் பட்டதற்கும் இதுவே காரணம். மாற்றம் நிகழாமல் இல்லை, நிகழ்ந்தவை மறைந்திருந்தன.

இதே மறைப்புக்கு ஒரு நற்பக்கமும் உண்டு. இருமடியப் பயிரைக் கொன்றுவிடும் அளவுக்கு அடர்த்தியான மாற்றங்களைக் கோதுமை தாங்கிக்கொண்டு விதை கட்டுகிறது. ஆகையால் ஒவ்வொரு செடியிலும் ஆயிரக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்துவைக்கலாம்; சில நூறு முதல் ஒன்றிரண்டாயிரம் செடிகளுக்குள் ஏறத்தாழ எல்லா மரபணுக்களிலும் ஏதேனும் ஒரு மாற்றத்தைப் பெற்றுவிடலாம். இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஒவ்வொரு படிநிலையும் இவ்விரு உண்மைகளை ஒட்டியே அமைகிறது.

விதையைத் தொடுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

நீங்கள் தேடும் பண்பு எவ்வகை மாற்றத்தால் வெளிப்படும் என்பதை முதலில் தீர்மானியுங்கள். இதைச் செய்யாமல் விதையை ஊறவைத்துவிட்டு, இரண்டு ஆண்டுகள் கழித்து எதுவும் கிடைக்கவில்லை என்று வருந்துவது இத்துறையில் மிகவும் பொதுவான இழப்பு.

முதல் வகை, மூன்று படிகளுள் ஒன்றில் நிகழ்ந்த மாற்றமே போதுமான பண்புகள். களைக்கொல்லித் தாங்குதிறன் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. களைக்கொல்லி பற்றிக்கொள்ளும் நொதியின் ஓர் அமினோ அமிலம் மாறி, மருந்து அதில் ஒட்டாமல் போனால், அந்த ஒரு படியின் நொதியே செடியைப் பேரளவுக்குக் காப்பாற்றிவிடும். இமிடசோலினோன் களைக்கொல்லிகளைத் தாங்கும் கோதுமை சோடியம் அசைடு கொண்டு உண்டாக்கிய சடுதிமாற்றத்திலிருந்து வந்தது. குவிசலோஃபாப் களைக்கொல்லியைத் தாங்கும் கோதுமை, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட்டைக் கொண்டு உருவாக்கப்பட்டது. அதில் அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதியின் 2004-ஆம் இடத்திலிருந்த அலனைன் வாலினாக மாறியிருக்கிறது. இத்தகைய பண்பை இரண்டாம் தலைமுறையில் வயல் முழுவதும் மருந்து தெளித்தே பிரித்தெடுக்கலாம்.

இரண்டாம் வகை, ஒரே ஒரு படியாக மட்டும் இருக்கும் மரபணுவை இழப்பதால் தெரியும் பண்புகள். காட்டு உறவினங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட நோயெதிர்ப்பு மரபணுக்கள் பெரும்பாலும் ஒரு மரபகத்தில் மட்டுமே இருப்பவை. எதிர்ப்புள்ள வரிசையில் (ஒரே செடியின் வழிவந்த வம்சத்தில்) சடுதிமாற்றத்தைத் தூண்டி, இரண்டாம் தலைமுறையில் நோய் தாக்கிய செடிகளைத் தேர்ந்து, அவை அனைத்திலும் பொதுவாகக் கெட்டுப்போன மரபணு எது என்று பார்த்தால் எதிர்ப்பு மரபணு அகப்பட்டுவிடும். தண்டுத் துரு நோய்க்கு எதிரான எஸ்.ஆர். 22, எஸ்.ஆர். 45 ஆகிய மரபணுக்கள் இவ்வழியில்தான் 2016-இல் பிரித்தறியப்பட்டன.

மூன்றாம் வகையே கடினமானது: எல்லாப் படிகளும் செயலிழந்தால்தான் வெளிப்படும் பண்புகள். மாவுச்சத்தில் அமைலோஸ் பங்கை உயர்த்துவதற்குக் கிளைப்பு நொதியின் எல்லாப் படிகளையும் நிறுத்த வேண்டும்; சாம்பல் நோய்க்கு எதிராக எம்.எல்.ஓ. மரபணுவின் மூன்று படிகளையும் நிறுத்த வேண்டும். இவ்விரண்டும் கோதுமையில் வேதிச் சடுதிமாற்றத்தின் வழியே அடையப்பட்டவையே; ஆயினும் ஒரே செடியில் மூன்றும் தாமாக அமைந்து கிடைத்தவை அல்ல. தனித்தனி வரிசைகளில் டி.என்.ஏ. சோதனையால் கண்டறியப்பட்டு, கலப்பினால் ஒன்றுசேர்க்கப்பட்டவை. இவ்வகைப் பண்பை வயலில் கண்ணால் தேடுவது வீண்முயற்சி என்றே நான் உறுதியாகக் கருதுகிறேன்.

உங்கள் தேவை ஒரு குறிப்பிட்ட மரபணுவில் மாற்றம் மட்டுமே என்றால், சடுதிமாற்றச் செடிகளின் புதிய தொகுதியை உண்டாக்கவே வேண்டாம். குரோனோஸ் என்னும் நான்மடியக் கோதுமையின் 1,535 சடுதிமாற்ற வரிசைகளும், கேடென்சா என்னும் ஆறுமடியக் கோதுமையின் 1,200 வரிசைகளும் மரபணுப் பகுதிகள் முழுவதும் டி.என்.ஏ. வரிசைப்படுத்தப்பட்டு, 2017-இல் வெளியிடப்பட்டுள்ளன. அவற்றில் பதிவான மாற்றங்கள் ஏறத்தாழ ஒரு கோடி. தேவையான மாற்றத்தைத் தரவுத்தளத்தில் தேடி, அந்த வரிசையின் விதையைக் கேட்டுப் பெறுவது நான்கைந்து பருவங்களை மிச்சப்படுத்தும். சொந்தத் தொகுதி தேவைப்படுவது, உங்கள் சூழலுக்கு ஏற்ற ரகத்திலேயே பண்பு வேண்டும்போதும், எந்த மரபணு என்று தெரியாத பண்பைத் தேடும்போதும்தான்.

வேதிப்பொருள் என்ன செய்கிறது

கோதுமைக்கு மிகுதியாகப் பயன்படுவது ஈத்தைல் மீத்தேன் சல்ஃபோனேட், சுருக்கமாக இ.எம்.எஸ். என்பர். இது குவானைனின் ஆறாம் இடத்து ஆக்சிஜனில் ஓர் ஈத்தைல் தொகுதியை ஏற்றுகிறது. அவ்வாறு மாறிய குவானைன், டி.என்.ஏ. இரட்டிக்கும்போது சைட்டோசினுக்குப் பதிலாகத் தைமினோடு இணைகிறது. அடுத்த இரட்டிப்பில் ஜி-சி (குவானைன்-சைட்டோசின்) இணை இருந்த இடத்தில் ஏ-டி (அடினைன்-தைமின்) இணை நிலைபெறுகிறது. குரோனோஸ், கேடென்சா தொகுதிகளில் கண்ட மாற்றங்களில் 98 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இந்த ஒழுங்கு நடைமுறையில் பெரிதும் உதவுகிறது. எந்த மாற்றம் கிடைக்கக்கூடும் என்பதை மரபணுவின் வரிசையைப் பார்த்தே கணக்கிட்டுவிடலாம். சி.ஏ.ஏ., சி.ஏ.ஜி., சி.ஜி.ஏ., டி.ஜி.ஜி. ஆகிய நான்கு குறியன்கள் (மூன்றெழுத்துக் குறியீடுகள்) மட்டுமே இ.எம்.எஸ். தரும் ஒற்றை மாற்றத்தால், புரத ஆக்கத்தை முடிக்கும் நிறுத்தக் குறியன்களாக மாறக்கூடியவை. அவை உங்கள் மரபணுவின் முன்பகுதியில் மிகுந்திருந்தால் வாய்ப்பு நல்லது; இல்லையென்றால் இன்ட்ரான் (புரதத்துக்குக் குறியீடு தராத இடைப்பகுதி) எல்லைகளில் உள்ள ஜி கெடுவதை நம்ப வேண்டியிருக்கும். குறியீட்டுப் பகுதியில் நிகழும் மாற்றங்களில் ஏறத்தாழ 5 விழுக்காடு புரதத்தை இடையில் அறுப்பவை. ஏறத்தாழ பாதி, அமினோ அமிலத்தை மாற்றுபவை. எஞ்சியவை எதையும் மாற்றாதவை. காமாக் கதிர்களால் நேரும் பெரிய இழப்புகள் இ.எம்.எஸ்.-இல் அரிது. சர்பதி சோனோரா போன்ற புகழ்பெற்ற ரகத்தைத் தந்தது காமாக் கதிரே என்றாலும், மரபணுவின் செயலைச் சற்றே திருத்துவதற்கு வேதிப்பொருளே ஏற்ற கருவி.

விதையும் அளவுச் சோதனையும்

ஒரே செடியிலிருந்து பெருக்கப்பட்ட தூய விதையைக் கொண்டு தொடங்குங்கள். பல செடிகளின் கலவையாக வந்த விதையில் முன்பே இருக்கும் வேறுபாடுகள், பின்னர் புதிய சடுதிமாற்றங்களாகத் தோன்றி ஏமாற்றும். முளைப்புத்திறன் 95 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வேண்டும். விதைகள் ஒரே அளவாகவும் உடையாமலும் இருக்க வேண்டும். அதே விதையில் ஒரு பகுதியை மருந்து படாத ஒப்பீட்டுக்காகவும், பின்னாளில் பிற்கலப்பு (கிடைத்த சடுதிமாற்றச் செடியைத் தாய் ரகத்தோடு மீண்டும் கலத்தல்) செய்வதற்காகவும் தனியே எடுத்துவைத்துவிடுங்கள்.

பிறர் எழுதிய அளவை அப்படியே எடுத்தாளக் கூடாது. ரகம், விதையின் வயது, ஈரப்பதம், நீரின் வெப்பநிலை ஆகிய அனைத்தும் விளைவை மாற்றுகின்றன. நான்மடியக் கோதுமைக்கு 0.7 விழுக்காட்டையும், ஆறுமடியக் கோதுமைக்கு 0.9 முதல் 1 விழுக்காட்டையும் ஒட்டிய அளவுகள் பயன்பட்டுள்ளன. இவற்றைத் தொடக்கப் புள்ளிகளாக மட்டும் கொண்டு, 0, 0.4, 0.6, 0.8, 1.0, 1.2 விழுக்காடு என ஆறு அளவுகளில், அளவுக்கு 60 விதைகளாவது வைத்துச் சோதியுங்கள். கன அளவில் 0.8 விழுக்காடு என்பது ஒரு லிட்டருக்கு 8 மில்லி. அதாவது ஏறத்தாழ 78 மில்லிமோலார்.

முளைத்த விதைகளை ஏழாம் நாளில் எண்ணி அளவைத் தீர்மானிப்பது தவறு. இ.எம்.எஸ். பட்ட விதைகள் பெரும்பாலும் முளைத்துவிடும். முதல் இலையோடு நின்று, இரண்டு மூன்று வாரங்களில் மடிபவையே அதிகம். ஆகையால் மூன்று வாரங்கள் கழித்து உயிரோடிருப்பவற்றை எண்ணுங்கள். நாற்றின் உயரத்தையும் அளந்துகொள்ளுங்கள். காலம் இருக்குமானால் கதிர் வரும்வரை வளர்த்து, விதை கட்டிய செடிகளின் பங்கைப் பார்ப்பது இன்னும் நம்பகமானது. ஏறத்தாழ பாதிச் செடிகள் பிழைத்து விதை தரும் அளவே நான் தேர்வது. அதைவிடக் கடுமையான அளவு மாற்றங்களின் அடர்த்தியைச் சற்றுக் கூட்டும் என்றாலும், மலட்டுக் கதிர்களால் தொகுதி சுருங்கி, வந்த பயன் கையைவிட்டுப் போய்விடும்.

மருந்திடும் நாள்

இ.எம்.எஸ். மனிதரிலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியுள்ள பொருள்; ஆவியாகக்கூடியது; தோல் வழியாகவும் ஊடுருவும். பயிற்சி பெற்றவர்கள், இதற்கு அனுமதியுள்ள ஆய்வகத்தில், ஃபியூம் ஹூட் என்னும் காற்றுறிஞ்சும் கூண்டுக்குள் மட்டுமே இதைக் கையாள வேண்டும். வீட்டிலோ, வயற்கொட்டகையிலோ, திறந்த மேசையிலோ செய்யும் வேலை அன்று. நைட்ரைல் கையுறைகளை இரண்டடுக்காக அணிந்து, மருந்து பட்டதும் வெளியுறையை மாற்றுங்கள். முழுக்கை ஆய்வக அங்கியும் கண்ணாடியும் கட்டாயம். தனியாக இருக்கும்போது இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

விதைகளை முதலில் 8 முதல் 12 மணிநேரம் தூய நீரில் ஊறவிடுங்கள். ஊறிய விதையின் கருவில் உயிரணுக்கள் செயல்படத் தொடங்குவதோடு, மருந்து எல்லா விதைகளுக்குள்ளும் சீராகப் புகுகிறது. நீரை வடித்துவிட்டு, ஒரு விதைக்கு ஒரு மில்லி என்ற கணக்கில் கரைசலை ஊற்றுங்கள். இ.எம்.எஸ். நீரைவிடக் கனமானது, ஊற்றியதும் துளிகளாக அடியில் தங்கும். துளி ஒன்றும் தெரியாதவரை நன்கு கலக்காமல் விதையில் ஊற்றினால், அடியில் கிடக்கும் விதைகள் செத்துப்போக, மேலிருப்பவை மருந்தே படாதவைபோல் வளரும். கரைசல் சிதையும்போது அமிலம் உண்டாவதால், நீருக்குப் பதில் அமிலத்தன்மை மாறாமல் காக்கும், பி.எச். 7 உள்ள பாஸ்பேட் தாங்கல் கரைசலைப் பயன்படுத்துவது நல்லது. 20 முதல் 22 பாகை செல்சியசில், மெல்ல அசையும் மேடையில், 16 முதல் 18 மணிநேரம் வையுங்கள். சோதனையில் கொண்ட வெப்பநிலை, நேரம், கரைசல் அளவு ஆகியவற்றையே முதன்மை மருந்திடலிலும் மாற்றாமல் கொள்ள வேண்டும். வெப்பநிலை மாறினால் மருந்தின் வேகமும் மாறும்: நீரில் அதன் அரை ஆயுள் 20 பாகையில் ஏறத்தாழ 93 மணிநேரம், 30 பாகையில் 26 மணிநேரமே.

நேரம் முடிந்ததும் கரைசலை வடித்து, விதைகளைச் சோடியம் தயோசல்ஃபேட் கரைசலில் இருமுறை அலசி, அதன்பின் பலமுறை நீரில் கழுவுங்கள். வடித்த கரைசலும் முதற்கழுவல்களும் நேரே வடிகாலுக்குப் போகக் கூடாது. அவற்றில் சோடியம் தயோசல்ஃபேட்டை 10 விழுக்காடு வருமாறு கரைத்து, கூண்டுக்குள் மூடிவையுங்கள். அந்நிலையில் இ.எம்.எஸ்.-இன் அரை ஆயுள் 20 பாகையில் ஏறத்தாழ ஒன்றரை மணிநேரமாகக் குறைவதால், ஒரு முழுநாள் வைத்தால் மிகச் சிறிதளவே எஞ்சும். பின்னர் உங்கள் நிறுவனத்தின் வேதிக்கழிவு விதிகளின்படி ஒப்படையுங்கள். பட்ட பாத்திரங்களையும் கையுறைகளையும் அதே கரைசலில் ஊறவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

கழுவிய விதைகளை உலர்த்திச் சேமிக்க முயலாதீர்கள். மீண்டும் உலரும்போது சேதம் மிகுகிறது. மேல்நீர் வடிந்ததும், கையுறை அணிந்தே, அன்றே விதைத்துவிடுங்கள். எஞ்சிய விதையை உணவுக்கோ தீவனத்துக்கோ பறவைகளுக்கோ எட்டவிடக் கூடாது.

எம்1: கலப்புடல் தலைமுறை

மருந்திட்ட விதையிலிருந்து வளர்வது எம்1 செடி; அதன் விதையிலிருந்து வருவது எம்2, அடுத்தது எம்3. முதிர்ந்த விதையின் கருவில் பல உயிரணுக்கள் இருப்பதால், ஒவ்வொன்றிலும் வெவ்வேறு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒரே செடியின் ஒரு தூர் ஒரு மாற்றத்தையும் மற்றொரு தூர் வேறொன்றையும் சுமக்கலாம். எம்1 செடியின் இலையிலிருந்து எடுத்த டி.என்.ஏ.-வில் காணும் மாற்றம் விதைக்குள் வராமலே போகலாம் என்பதால், இத்தலைமுறையில் சோதனை செய்வதில் பயனில்லை. செடிகளை நெருக்கமாக நட்டுத் தூர்களைக் குறைத்து, முதன்மைக் கதிரை மட்டும் அறுவடை செய்தால் கணக்கு எளிதாகிறது.

கதிர் வெளிவந்ததும் உறை கட்டுங்கள். இதைத் தேவையற்ற வேலை என்று விட்டுவிடுபவர்கள் பலர். கோதுமை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்தானே என்பது அவர்கள் வாதம். ஆனால் மருந்து பட்ட செடிகளில் ஆண்மலடு பரவலாக நேர்கிறது. மகரந்தமில்லாத பூக்கள் உமி விரித்து, அயல் மகரந்தத்தை ஏற்கின்றன. அடுத்த தலைமுறையில் உயரமாகவோ வேறு நிறத்திலோ வரும் அந்தக் கலப்புச் செடியைப் புதிய சடுதிமாற்றம் என்று கொண்டாடி, ஓராண்டு உழைத்த பிறகு உண்மை தெரியும்போது நேரும் ஏமாற்றம் கசப்பானது.

எம்2: தேடல்

எத்தனை செடிகள் வேண்டும் என்பதைக் கணக்காகப் பாருங்கள். மாற்றத்தின் அடர்த்தி 40,000 டி.என்.ஏ. எழுத்திணைகளுக்கு ஒன்று, உங்கள் மரபணுவின் குறியீட்டுப் பகுதி 1,500 இணைகள், தொகுதியில் 1,500 வரிசைகள் என்று கொள்வோம். அந்த மரபணுவில் மொத்தம் 56 மாற்றங்கள் எதிர்பார்க்கலாம். அவற்றுள் அறுப்பவை 5 விழுக்காடு, அதாவது மூன்றுக்குச் சற்றுக் குறைவு. ஒன்றேனும் கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 94 விழுக்காடு. வரிசைகளைப் பாதியாக்கினால் அது 75 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும்.

டி.என்.ஏ. வழியில் தேடுவோர் ஒவ்வோர் எம்1 கதிரிலிருந்தும் ஒரே ஒரு விதையை வளர்த்தால் போதும். ஒரே கதிரின் இரண்டு விதைகளைச் சோதிப்பதைவிட இரண்டு கதிர்களைச் சோதிப்பதே அதிக மாற்றங்களைத் தரும். கண்ணால் தேடுவோருக்கு நிலைமை வேறு. ஒடுங்கு மாற்றம் (குரோமோசோம் இணையின் இரண்டிலும் இருந்தால் மட்டுமே தெரிவது) எம்2-இல் நான்கில் ஒரு செடியில்தான் வெளிப்படும். ஒரு குடும்பத்தில் 95 விழுக்காடு உறுதியோடு அதைக் காண 11 செடிகள் வேண்டும். ஆகவே ஒரு கதிருக்கு 12 முதல் 15 விதைகளை ஒரு வரிசையாக விதையுங்கள். இடையிடையே மருந்துபடாத தாய் ரகத்தின் வரிசைகளும் இருக்கட்டும்.

மருந்து சரியாக வேலை செய்ததா என்பதை அறிய, எம்2 நாற்றுகளில் வெளிறியவற்றையும் மஞ்சளானவற்றையும் எண்ணுவது பழைய வழக்கம். வாற்கோதுமைக்கு அது நல்ல அளவுகோல். ஆறுமடியக் கோதுமையில் இணைப்படிகள் மறைத்துவிடுவதால் அந்த எண்ணிக்கை ஏமாற்றும். பத்துப் பன்னிரண்டு எம்2 செடிகளின் மரபணுப் பகுதிகளை வரிசைப்படுத்திப் பார்ப்பதே உறுதியான வழி. அதே சோதனை கலப்படத்தையும் காட்டிக்கொடுக்கும்: உண்மையான சடுதிமாற்றச் செடியில் தாய் ரகத்திலிருந்து வேறுபடும் இடங்கள் ஏறத்தாழ எல்லாம் ஜி-சி என்பது ஏ-டி ஆனவையாகவே இருக்கும், எல்லா வகை வேறுபாடுகளும் கலந்து வந்தால் அது அயல் விதை.

ஒவ்வோர் எம்2 செடியின் விதையையும் தனி உறையில், எம்1 கதிர் எண்ணோடு, இரு இடங்களில் எழுதிச் சேமியுங்கள். வெயிலில் மங்கும் மையால் எழுதிய அட்டைகளால் ஒரு பருவத்தின் வரிசைகளில் சிலவற்றை நான் இழந்திருக்கிறேன். அன்றிலிருந்து வயலில் பென்சிலால் மட்டுமே எழுதுகிறேன். கண்ட பண்பை எம்3-இல், குறைந்தது இரு சூழல்களில் மீண்டும் பாருங்கள். எம்2-இல் தேர்ந்த குட்டைச் செடிகளில் பல, எம்3-இல் தாயைப் போலவே நிற்கும். தனிச்செடியின் உயரத்தைத் தீர்மானிப்பதில் மண்ணின் பங்கு அவ்வளவு பெரிது.

படிகளைச் சேர்த்தலும் பிற்கலப்பும்

மூன்றாம் வகைப் பண்புகளுக்கு இப்போதுதான் முக்கிய வேலை தொடங்குகிறது. நான்மடியக் கோதுமையில் ஏ படியின் சடுதிமாற்றத்தையும் பி படியின் சடுதிமாற்றத்தையும் கலந்தால், இரண்டிலும் தூய செடி (குரோமோசோம் இணையின் இரண்டிலும் மாற்றம் உள்ளது) இரண்டாம் கலப்புத் தலைமுறையில் 16-இல் ஒன்று. 95 விழுக்காடு உறுதிக்கு 47 செடிகளைச் சோதிக்க வேண்டும். ஆறுமடியத்தில் மூன்றையும் ஒரே முறையில் தேடினால் 64-இல் ஒன்று, 191 செடிகள். படிகளைத் தனித்தனியே பிரித்தறியும் மார்க்கர்கள் (டி.என்.ஏ. அடையாளச் சோதனைகள்) இல்லாமல் இதைச் செய்ய இயலாது; இணைப்படிகளின் வரிசைகள் மிக ஒத்தவை என்பதால், அந்த மார்க்கர்களைக் கலப்புக்கு முன்பே தயாரித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பண்பின் அடிப்படை மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்கள் நான்மடியக் கோதுமையில் தொடங்குவதையே நான் பரிந்துரைப்பேன். ஒரு படி குறைவதால் ஏறத்தாழ ஓராண்டு குறைகிறது.

நீங்கள் தேடிய மாற்றம் கிடைத்த செடியில், தேடாத மாற்றங்களும் ஆயிரக்கணக்கில் உள்ளன. கேடென்சா வரிசை ஒன்றின் மரபணுப் பகுதிகளில் மட்டும் சராசரியாக 5,000-க்கும் மேற்பட்டவை பதிவாகியுள்ளன. மகசூல் குறைவும் விதைச் சுருக்கமும் பெரும்பாலும் அவற்றின் விளைவே. தொடக்கத்தில் எடுத்துவைத்த தாய் ரகத்தோடு ஒருமுறை பிற்கலப்புச் செய்தால் பிணைப்பில்லாத (தேடிய மாற்றத்துக்கு அருகில் அமைந்து அதனோடு சேர்ந்தே கடத்தப்படாத) மாற்றங்கள் பாதியாகின்றன. இருமுறை செய்தால் கால் பங்கு. பண்பை ஆராய்வதற்கு இரண்டும், ரகமாக வெளியிடுவதற்கு மூன்று நான்கும் செய்வது முறை. ஒவ்வொரு முறையும் மார்க்கரால் உங்கள் மாற்றம் உள்ள செடியைத் தேர்ந்து, இறுதியில் தன்மகரந்தச் சேர்க்கை செய்து, அந்த மாற்றத்தை உடைய தூய செடிகளையும் அது இல்லாத உடன்பிறப்புச் செடிகளையும் இணையாகப் பெருக்குங்கள். பண்பின் பயனை அளக்கும் வயற்சோதனையில் தாய் ரகத்தோடு மட்டும் ஒப்பிட்டால், எஞ்சிய பின்னணி மாற்றங்களின் விளைவும் உங்கள் மரபணுவின் கணக்கில் சேர்ந்துவிடும். உடன்பிறப்பு வரிசைகளோடு ஒப்பிடும்போது அந்த விளைவு இரு பக்கமும் ஏறத்தாழ சமமாகப் பரவி நின்று, மாற்றத்தின் உண்மையான மதிப்பு தெரியும்.